அண்ணனின் எஞ்சின்

சென்ற வருஷம் கடலுக்குப் போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. அவனுடைய வள்ளம் மட்டும் வட்டக்கோட்டைப் பக்கம் கரை ஒதுங்கியது. அதன் பின்பக்கம் மாட்டியிருந்த எஞ்சினில் உப்புப் பூத்துக் கிடந்தது. எங்கள் கரையில் வேறு யாரிடமும் எஞ்சின் கிடையாது.

"வள்ளமெல்லாம் இத்துப் போச்சு மக்கா, விறகுக்குப் போடு," என்றார் மாமா. எனக்கு மனம் வரவில்லை. எஞ்சின் ஓடினால் வள்ளத்தையும் பழுது பார்க்கலாம், ஓடாவிட்டால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். காலேஜ் விடுமுறையில் அதைக் கழற்றித் துடைத்து, முற்றத்தில் ஒரு பீப்பாய்த் தண்ணீரில் நிறுத்திக் கயிற்றைச் சுண்டி இழுத்தேன். நாலைந்து இழுப்பில் ஓடிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது அண்ணன் மனைவி, என் மதினி, அடுக்களையிலிருந்து கடற்கரைக்கு ஓடினாள். அண்ணன் இருந்த நாளில் அந்தச் சத்தம் கேட்டால் அப்படித்தான் ஓடுவாள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். கடலில் ஒன்றுமில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீயாக்கும் இழுத்தது?"

"ஆமா மதினி."

"வந்துட்டாருன்னே நெனச்சேன்," என்றாள். பிறகு, "வள்ளத்த நல்லாக்கிக்கோ தம்பி. அந்த எஞ்சின் மட்டும் வேண்டாம்," என்றாள்.

இப்போது, இறந்தவர் வைத்திருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதென்றாலும், அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.