நைஸுக்கு ஐந்து அர்த்தங்கள்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு வார்த்தையைத் தடை செய்தார். கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை, நைஸ். எங்கள் கட்டுரைகளில் பள்ளிக்கூடம் நைஸ், பீச் நைஸ், தோசை நைஸ், பசுமாடுகூட நைஸ். திருத்தித் திருத்திச் சலித்துப்போனவர், ஒரு வியாழக்கிழமை எங்கள் நோட்டுகளை மேஜைமேல் தொப்பென்று போட்டார். அந்த வார்த்தைக்கு ஐந்து அர்த்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், கீழே வீட்டில் பெரியவர்கள் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டிலும் ஒரு டிக்‌ஷனரி இருந்தது. மயிலாப்பூர் ஃப்ளாட்டில் கட்டிலின் நாலாவது காலுக்கு அதுதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. எடுத்தால் கட்டில் ஆடும், கட்டில் ஆடினால் அப்பா திட்டுவார். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன்.

ராத்திரிக்குள் நாலு கிடைத்துவிட்டன. கிரைண்டரில் ஓடும் மாவை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்த அம்மா, இன்னும் நைஸாகவில்லை என்றாள். நொறநொறவென்று இல்லாமல் இருப்பது நைஸ். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பா, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு புடவையை இரண்டு விரலால் தடவி, இது நைஸ் ரகம் என்றார். மெல்லிசாக இருப்பது நைஸ். அம்மாவின் தம்பியான என் மாமா, வத்தக்குழம்பைப் புகழ்ந்து தள்ளிவிட்டு அம்மாவிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். என்னை நைஸ் பண்ணாதே என்று அம்மா சிரித்தாள். காரியத்துக்காகக் குழைவது நைஸ். சர்க்கரை தூவிய பிஸ்கட்டின் முதுகிலேயே நைஸ் என்று அச்சடித்திருந்தது, ஆகவே அதுவும் ஒன்று.

ஐந்தாவதைக் கொடுத்தவர் எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேன். "எவனோ நைஸா உள்ள பூந்து நாலு மாங்காவப் பறிச்சிகினு பூட்டான்மா" என்று அம்மாவிடம் முறையிட்டார். யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடிப்பது நைஸ். இதற்கு வாக்கியம் தேட நான் சிரமப்படவே இல்லை. மாமா தினமும் டிபன் சாப்பிட்ட கையோடு போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு நழுவுவார். பேசுவது தரமணியில் அவரோடு வேலை செய்யும், சாந்தோமில் வீடுள்ள ஒரு அக்காவிடம். மாமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர். எழுதினேன்: 'மை அங்கிள் நைஸ்லி கோஸ் டு டெரஸ் அண்ட் டாக்ஸ் டு சாந்தோம் அக்கா.'

நோட்டை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வழக்கம்போல அதை மாமாவிடம் தள்ளினாள். கேஸ் கம்பெனிக் கடிதமோ பள்ளிக்கூடச் சுற்றறிக்கையோ, எதுவானாலும் அவர்தான் படித்துச் சொல்லவேண்டும்.

"எனக்கென்னடா இங்கிலீஷ் தெரியும்? நீயே படிச்சு சொல்லு."

மாமா நாலு வாக்கியத்தை ராகம் போட்டுப் படித்தார். ஐந்தாவதில் இருமல் வந்துவிட்டது. மாமா மொட்டைமாடியில் நைஸாகக் காற்று வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறாள் என்றார். மாவுக் கையாக இருக்கிறது, வைத்துவிட்டுப் போ என்றாள் அம்மா.

மாமா என்னை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அந்த வாக்கியத்தை மாற்றினால் ரோஸ்மில்க் வாங்கித் தருவதாகச் சொன்னார். நைஸ் என்றால் நல்ல, இனிமையான என்றுகூட அர்த்தம் உண்டு, அதை எழுதேன் என்று கெஞ்சினார். அந்த அர்த்தத்தில் நம் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லையே மாமா என்றேன். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அடையாறில் அவருக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. பிடித்திருந்தால் அங்கேயே பூ வைத்துவிட்டு வருவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். பத்து வயதிலிருந்து தன்னை வளர்த்த அக்காவிடம், எனக்கு வேறு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவள் சர்ச்சுக்குப் போகிறவள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் என் நோட்டு அம்மாவின் கோல நோட்டுக்குமேல் கிடந்தது. அம்மா புதுக் கோலங்களைப் பென்சிலால் போட்டுப் பழகும் நோட்டு அது. என் வாக்கியங்களுக்குக் கீழே குண்டு குண்டான தமிழ் எழுத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை மீன் வாங்கலாம் வா என்று அம்மா என்னை ஆட்டோவில் சாந்தோமுக்கு அழைத்துப் போனாள். மீன் எங்கள் கேட்டுக்கே வரும், அதனால் எனக்கு ஆச்சரியம். ஆட்டோ கடற்கரைப் பக்கம் போகவே இல்லை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் நின்றது. அம்மா இரண்டு இடத்தில் விசாரித்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது அந்த அக்கா. அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய அம்மா எனக்கு கேக் கொடுத்தார், ஆட்டோ எங்கே கிடைத்தது, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா காபியை நிதானமாகக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க மொட்டைமாடியில கொசு ஜாஸ்திம்மா. இனிமே பேசுறதுன்னா கூடத்துல உக்காந்தே பேசச் சொல்லு அவன."

அந்த அக்கா ஒரே சமயத்தில் அழவும் சிரிக்கவும் செய்தார். கொசுவுக்கா இவ்வளவு என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டாவது துண்டு கேக்கை எடுத்தேன். மீன் வாங்காமலே திரும்பினோம். வந்ததும் அம்மா அடையாறுக்குப் போன் போட்டு, தம்பிக்கு வேறு இடம் அமைந்துவிட்டது, மன்னிக்கவேண்டும் என்று பணிவாகச் சொன்னாள். சோபாவில் இருந்த மாமா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவ்வளவு பெரிய ஆள் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுததை அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணம் சாந்தோமில் காலையில் ஒரு தரமும், மயிலாப்பூரில் சாயங்காலம் ஒரு தரமும் நடந்தது. எனக்கு இரண்டு பட்டுப்பாவாடை, இரண்டும் அப்பா தேர்ந்தெடுத்த நைஸ் ரகம். மேடையிலிருந்தே மாமா என்னைக் கூப்பிட்டு, நீதானே உன் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாய் என்று காதைத் திருகினார். சாமி சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னும் நம்பவில்லை. இன்றைக்கும் கேஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால் அம்மா அதை அவரிடம்தான் நீட்டுகிறாள், அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருமையாகப் படித்துச் சொல்கிறார்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. ஐந்து அர்த்தத்துக்கும் ஐந்து சிவப்புப் பெருக்கல் குறி. கீழே மிஸ் தன் தடையைத் தானே மறந்து 'நைஸ் டிரை' என்று எழுதியிருக்கிறார். ஐந்தாவது வாக்கியத்தில் டெரஸ் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நான் இரண்டு 'ஆர்' எழுத்துக்குப் பதில் ஒன்றுதான் போட்டிருந்தேன். விட்டுப்போன இன்னொரு ஆரை யாரோ மேலே பென்சிலால், கோலப்புள்ளி மாதிரி சின்னதாக, சேர்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்துகிற மிஸ் இதற்கு மட்டும் ஏன் பென்சிலை எடுத்தார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.