சாட்டர்டே நைட் என்று எழுதிய டேப்

படம் இல்லாத ஃபைலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார் எங்கள் முதலாளி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அழித்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் அது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஒரு வீடியோ கடையில் நான் எடிட்டிங் வேலை பார்த்தேன். கடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதன் ஹார்ட் டிஸ்கில் ஒரு கல்யாணம் ஏறினாலே மூச்சு முட்டும். ஒரு வேலை முடிந்ததும் அதன் படத்தை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்ற வேண்டும். அழிப்பதில் பயமில்லை. டேப்பில் படத்தோடு கூடவே மணி, நிமிஷம், வினாடி என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு டைம்கோடு என்று பெயர். எந்த டேப், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, அங்கே என்ன இருக்கிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் ஒரு குட்டி ஃபைலில் வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்த ஃபைலைத் திறந்து, அது கேட்கிற டேப்பைக் கொடுத்தால், தானே ஓடிப்போய் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடும். பெரியதைக் கொட்டிவிடலாம், சிறியதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

முதலாளி நேர்மாறாகச் செய்தார். டிஸ்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொன்ன ஒரு நாள், குட்டி ஃபைல்களை எல்லாம் துடைத்துவிட்டு, ரோஜாப்பூ டிசைன்களையும் இதய டிசைன்களையும் விட்டுவைத்தார். ஃபைலைத் திறந்தால் வெறும் நம்பராக வருகிறதாம், குப்பையாம். கடை வாசலில் நின்றால், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணாலான சயனைடு மேடு தெரியும். மலை மலையாக மண்ணைக் கொட்டிவிட்டு ஒரு சிட்டிகைத் தங்கத்தை எடுத்துக்கொண்ட ஊர் இது. அந்த மேட்டுப் புழுதியைத் தின்று வளர்ந்த மனுஷனுக்கு, எதை வைப்பது எதைக் கொட்டுவது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலையின் ஃபைலையும் ஃபிளாப்பியில் பிரதி எடுத்து, டிபன் பாக்ஸோடு என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் அந்தக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் முகூர்த்தம். பெண்ணின் அப்பா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். தூசி அவர் நெஞ்சைத் தின்றிருந்தது. அவருக்கு அலைச்சல் ஆகாது என்று முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனே வைக்கவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில், யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். அட்சதை போட்டார். உடனே இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்து, மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

கேமராக்கார அண்ணன் அவ்வளவையும் எடுத்திருந்தார். முதலாளி அதை வெட்டச் சொன்னார். கல்யாண கேசட்டில் இருமல் எதற்கு என்று கேட்டார். நான் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்த இடத்தில் இரண்டு இதயம் மிதந்து வந்து நடுவில் ஒரு ரோஜா விரியும்படி செய்யச் சொன்னார். செய்தேன். ஆனால் ஃபைலில் அந்த எண்ணுக்கு நேராக, அப்பா எழுந்து நிற்கிறார் என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்தேன்.

சில மாசத்தில் பெண்ணின் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து மகள் கடைக்கு வந்தாள். கேசட் முழுக்கத் தேடிவிட்டாளாம். அப்பா நின்றதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், கேசட்டில் காணோம். வீட்டில் இருப்பதெல்லாம் அவர் உட்கார்ந்திருக்கிற போட்டோக்கள். அவர் எழுந்து நின்று சிரித்த படம் உலகத்திலேயே அந்த ஒன்றுதான். அது வேண்டும் என்றாள்.

முதலாளி கூச்சமே இல்லாமல் சொன்னார், அதை எடுக்கவே இல்லை என்று. பையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துப் போட்டு ஃபைலைத் திறந்து அவர் முன்னாலேயே அந்த வரியைக் காட்டினேன். எடுக்காத படத்துக்கு எண் எங்கிருந்து வரும்? கம்ப்யூட்டர் சண்டே டேப்பைக் கேட்டது. அலமாரியில் அந்தக் கல்யாணத்துக்கு ஒரே டேப்தான் இருந்தது, சண்டே என்று எழுதி. போட்டேன். டேப் ஓடி, எண்ணில் போய் நின்றது. வந்தது பந்தி. யாரோ ஒரு பெரியவர் பாயசத்தை வழித்துவிட்டு இலையை மடித்தார்.

நான் சொல்லவில்லையா, உன் ஃபைலே குப்பை என்றார் முதலாளி. அவருக்கு அதில் சந்தோஷம் வேறு. அந்தப் பெண் முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். நான் அவளை உட்காரச் சொன்னேன். எல்லா டேப்பும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். அதே எண் எல்லா டேப்பிலும் இருக்கும். எண் தப்பில்லை, டேப்தான் தப்பு. அப்படியானால் முகூர்த்த டேப் எங்கே?

கேமராக்கார அண்ணன் வாசலில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரும் சுரங்கத்தில் இருந்தவர்தான். அவரிடம் கேட்டேன்.

"அதான் சாட்டர்டே நைட்டுன்னு எழுதி வெச்சேனேம்மா."

"முகூர்த்தம் சண்டேதானேண்ணா?"

"விடியறதுக்கு முன்னாடி எடுத்ததும்மா அது. நைட் ஷிஃப்ட்டுக்கு எறங்குன நாள்தான் கணக்கு. சாட்டர்டே எறங்கிட்டு சண்டே மேல வந்தாலும், அது சாட்டர்டே ஷிஃப்ட்தான்."

எனக்கு அழுவதா அவரைத் திட்டுவதா என்று தெரியவில்லை. கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. கல்யாண மண்டபத்தில் எந்தச் சுரங்கக் குழி இருந்தது? நான் முகூர்த்த டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. காலண்டரைப் பார்த்து சண்டே என்று பெயர் கொடுத்தேன். அவர் அப்புறமாக, அலமாரியில் வைக்கும்போது, ஷிஃப்ட் கணக்கில் எழுதியிருக்கிறார். விடிந்தபின் எடுத்த பந்தி டேப்புக்குத்தான் அவர் கணக்கில் சண்டே.

சரி, அந்த சாட்டர்டே நைட் டேப் எங்கே என்றேன். அண்ணன் தோளில் இருந்த கேமராவைப் பார்த்தார். முதலாளி சாட்டர்டே நைட் என்றதும் ரிசப்ஷன் என்று நினைத்து, ரிசப்ஷனை எவன் திரும்பக் கேட்கப்போகிறான் என்று, அதன் மேலேயே மஞ்சள் நீராட்டை எடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் ரிசப்ஷனே நடக்கவில்லை என்பதுகூட அவருக்கு ஞாபகமில்லை. அவருடைய ரோஜாக்களுக்கு வீடு எதுவானால் என்ன.

நேரமாகிறது, வேறு டேப் இல்லை, கிளம்பட்டும் என்றார் முதலாளி. நான் கேமராவை அண்ணன் தோளிலிருந்து இறக்கி, மூடியைத் திறந்து டேப்பை வெளியே எடுத்தேன். வேண்டுமானால் வேலையை விட்டு நிறுத்துங்கள் என்றேன். உரக்கத்தான் சொன்னேன். அண்ணன் பக்கத்துக் கடைக்கு டேப் கேட்கப் போனார்.

டேப்பைப் போட்டதும் அதே எண்ணைத் தேடி ஓடி நின்றது. நாற்காலியின் கையை விட்டுவிட்டு அவர் எழுந்தார். அட்சதை போட்டார். இருமினார். சிரித்தார். அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

முதலாளிக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. அந்த இருமலை எடுத்துவிட்டு நாதஸ்வரத்தை ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்.

"எடுத்துடாதீங்கக்கா," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "நான் பொறந்ததுலேர்ந்து எங்க ஊட்ல கேட்ட சத்தம் அது. இப்ப ஊடு ஒரே அமைதியா கீது."

நான் அந்தக் குட்டி ஃபைலைத் திறந்து, டேப்பின் பெயரைச் சாட்டர்டே நைட் என்று மாற்றினேன். அப்பா எழுந்து நிற்கிறார் என்பதற்குப் பக்கத்தில், இருமலோடு என்று சேர்த்து, சேமித்தேன்.