இலையுதிர்காலக் கட்டு

மருத்துவமனையிலிருந்து ஜப்பான் ஐயா கொடுத்தனுப்பிய துண்டுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பிரெஞ்சில் ஒரே வரி: "இலையுதிர்காலக் கட்டைக் கொண்டு வாருங்கள்." தேதி இல்லை. கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என்று ஓரத்தில் நான் குறித்திருக்கிறேன்.

பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்த மரக்கறிக் கடைக்கு மேலே, நான்காம் மாடியில் அவர் தனியாக இருந்தார். ஹைக்கூ எழுதுவார். இளமையில் தம் நாட்டு நாடக மேடையில் கறுப்பு உடையும் முகத்திரையும் அணிந்து, நடிகர்களுக்கு விசிறியோ வாளோ எடுத்துக் கொடுத்தவர். அப்படி நிற்பவரைக் காணாததுபோல் இருப்பது அங்கே பார்வையாளரின் மரபு. ஒரு குழுவோடு பாரிஸுக்கு வந்தார். குழு திரும்பியபோது இவர் திரும்பவில்லை. காரணத்தை நான் கேட்டதில்லை. எங்கள் தெருவிலும் அவரை அதிகம் பேர் கவனித்ததில்லை. கடை முதலாளி அண்ணை மட்டும் விடமாட்டார். "என்ன ஐயா, இண்டைக்கும் கத்தரிக்காயைப் பாத்துக் கவிதைதானோ? வாங்கிற எண்ணமும் கிடக்கோ?" விளங்காமலே தலையாட்டி, அவர் தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்வார்: "ஓம், ஓம்." பிறகு ஒரே ஒரு கத்தரிக்காய் வாங்குவார்.

மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்து, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அலமாரியில் ஒரு பெட்டி. அதற்குள் நூலால் கட்டிய நான்கு கட்டுச் சீட்டுகள், எல்லாம் கவிதைகள். ஜப்பானிய எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஆண்டு இருந்தது. பழையதும் புதியதும் கலந்து கிடந்தன. நன்மை செய்வதாக எண்ணி நூலை அவிழ்த்தேன். ஆண்டு வரிசையில் அடுக்கி, எண் போட்டு, பட்டியலும் எழுதினேன். எது எந்தக் கட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் குறிக்கவில்லை.

அதன் பிறகுதான் மருத்துவமனையிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டு வந்தது. நான்கு கட்டுகளும் நான்கு பருவங்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பெட்டியோடு போனேன். ஜப்பானில் தாம் விட்டு வந்த மனைவி இறந்த செய்தி கிடைத்த நாளில் எழுதிய கவிதையைத் தம்மோடு எரிக்க வேண்டும் என்றார். உடைந்த பிரெஞ்சில், எந்த ஆண்டு என்று கேட்டேன்.

"ஆண்டு நினைவில்லை. இலை உதிர்ந்துகொண்டிருந்தது."

செய்ததைச் சொன்னேன். அவர் பார்வை மங்கியிருந்தது; ஐந்தாறு சீட்டுக்கு மேல் வாசிக்க முடியவில்லை. பிறகு சொன்னார்: "மேடையில் நடிகன் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டுவான். பொருள் அங்கே இருக்கும். வைப்பவன் நான்."

பெட்டியைப் படுக்கையருகில் விட்டு வந்தேன்.

இறந்தபோது அவர் கைக்குள் ஒரு சீட்டு இருந்ததாகவும், அதை அப்படியே விட்டுவிட்டதாகவும் தாதி சொன்னார். எரியூட்டலுக்கு அண்ணையும் நானும் மட்டுமே போனோம். "ஒருத்தரும் வரேல்லையேடா" என்று அண்ணை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஞ்சிய சீட்டுகளைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்று குறைகிறது. அதன் எண்ணும் ஆண்டும் என்னிடம் உண்டு. அது இலையுதிர்காலத்தில் எழுதப்பட்டதுதானா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.