பதினேழாம் மேற்கோள்

மருத்துவ இதழ் ஒன்றின் அலுவலகத்தில் இருபது வருடமாக மேற்கோள் சரிபார்க்கிறவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. கட்டுரையின் கடைசியில் டாக்டர்கள் அடுக்குகிற ஆதாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அவள் வேலை. எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் அவளிடம் பாச்சா பலிக்காது.

முன்பெல்லாம் புத்தகமும் ஆராய்ச்சியும்தான் ஆதாரமாக வரும். இப்போது ஃபேஸ்புக் பதிவும் வருகிறது. அதற்கும் அவள் சட்டம் வைத்திருந்தாள்: பதிவு இன்னும் இருக்கிறதா, என்றைக்குப் பார்த்தது, எழுதியவர் சாதாரண ஆளென்றால் சம்மதித்தாரா. "ஊரே பாக்கிற மாதிரிதானே போட்டிருக்காங்க" என்று டாக்டர்கள் மல்லுக்கு நிற்பார்கள். அவள் மசியமாட்டாள்.

அன்றைக்கு வந்த கட்டுரை, இணையத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பற்றியது. பதினேழாம் மேற்கோளைத் திறந்தாள். மழைத்துளி என்ற பெயரில் ஒரு அம்மாள், பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட்டு மூன்று மாதமாகிறது, உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். சாட்சிக்கு ஒரு படம்: மூடியில் கம்பி கட்டிய குப்பைக்கூடையில் மாத்திரை அட்டைகள். அந்தக் கூடையைத் தன் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தவளே சல்லடைதான். உடைந்த மூடியைக் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

தங்கை இருப்பது அடுத்த தெருவில். காலை வணக்கம், மாலை வணக்கம் என்று பூப்படமாகப் போட்டுத் தள்ளுகிறாளே என்று, அவள் பதிவுகள் கண்ணில் படாதபடி ஒரு வருடம் முன்பே அமுக்கி வைத்திருந்தாள் சல்லடை. எப்போது மழைத்துளி ஆனாள் என்றுகூடத் தெரியவில்லை.

மாலையில் சம்மதப் படிவத்தோடு போய் நின்றாள். மருத்துவ இதழில் வரப்போகிறோம் என்றதும் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கு உதாரணமாக என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போனது. சல்லடை கையோடு கொண்டுவந்த பிரஷர் கருவியை அவள் கையில் சுற்றினாள். நூற்று எண்பதைத் தாண்டியது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா, என்னிடமாவது சொன்னாயா என்று பொரிந்து தள்ளினாள்.

"மாத்திரை போட்டா தலை சுத்துது, பயமா இருக்குன்னு நிறுத்தறதுக்கு முன்னாடியே அதுல எழுதினேன்," என்றாள் தங்கை. "முகம் தெரியாத அறுபது பேர் எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. நீ கேட்டியா அக்கா?"

ஊரார் பதிவையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தவளுக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். இருவரும் அப்போதே டாக்டரிடம் போனார்கள். அவர் தலை சுற்றாத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ராத்திரி தூங்கினியா?"

தங்கை அவளை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அக்கா அதை வாங்கவில்லை. "தூங்கினியான்னுதான் கேட்டேன்," என்றாள்.