பியூகிளில் இருந்த குருவி

கம்பவுண்டருக்குச் சகலையைப் பிடிக்காமல் போகத் தனியாகக் காரணம் தேவைப்படவில்லை. அக்காவை இவர் கட்டியிருந்தார், தங்கையை அவர் கட்டியிருந்தார். மாமனார் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு. மூத்த மாப்பிள்ளை என்று அதை இவருக்கு இழுத்துப் போடுவார்கள். சகலை வந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையாவது ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் வீடே தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். கம்பவுண்டர் மட்டும் ரயில் தாமதமான பயணியைப் போல நாற்காலியில் இருப்பார்.

ஆயுசு முழுக்க ஒரே மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் அவர். டாக்டர்களின் கிறுக்கலை முதல் பார்வையிலேயே படித்துவிடுவார். மாத்திரையை விரலால் தொடமாட்டார். 'சாப்பாட்டுக்கு முன்னாடி', 'சாப்பாட்டுக்கு அப்புறம்', இந்த இரண்டுக்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வராது என்று மனைவி சொல்வாள். சகலை தையல் மெஷின் விற்றவர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள் வீட்டிலும் விற்றவர்.

ஓய்வு பெற்ற பிறகு கம்பவுண்டர் போய்ச் சேர்ந்த இடம் ஊருக்கு வெளியே இருந்த ராணுவ அகாடமியின் நூலகம். அதை ஒட்டிப் பழம்பொருள் அறை ஒன்று இருந்தது. அதிகாரிகளைத் தயார் செய்ய அரசாங்கத்திடம் பணம் உண்டு, கிழிந்த அட்டையை ஒட்டக் கிடையாது. அந்த வேலையை 'நூலக நண்பர்கள்' என்று ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சம்பளமில்லாமல் செய்துவந்தார்கள். பூகோளம் நடத்திய ஓய்வுபெற்ற டீச்சர் தலைவி. வீடு வீடாகப் பழைய புத்தகம் கேட்டு வாங்கி, அகாடமி வாசலில் மேசை போட்டு விற்று, வந்த காசில் அமிலமில்லாத அட்டைப் பெட்டியும் பருத்திக் கையுறையும் வாங்குவார்கள். வாரத்தில் ஒரு காலை கூடித் தூசி துடைப்பார்கள்.

மென்மையான பிரஷ்ஷைப் புத்தகத்தின் முதுகுப்பக்கத்திலிருந்து வெளிநோக்கி இழுக்கும் வேலை கம்பவுண்டருக்கு உடனே கைவந்தது. யாரும் கேள்வி கேட்காத அறை. அவருக்கு அது சொர்க்கம்.

அங்கே ஒரு பியூகிள் இருந்தது. அகாடமியின் முதல் மாணவர் அணியைப் படுக்கையிலிருந்து எழுப்பிய பித்தளைக் குழல். காலம் அதைத் தேநீர்க் கறை நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஒருநாள் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, வாய் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு குருவியைக் கண்டார். ஊதியவன் எவனோ சும்மா இருந்த நேரத்தில் ஆணி முனையால் கீறியது. முடியளவு கோடுகள். அவற்றில் கறுப்பு இறங்கியிருந்ததால்தான் கண்ணுக்கே தெரிந்தது. வாலை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தான்.

டீச்சரிடம் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் எல்லோரும் வந்து குனிவார்கள் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். அவளும் அவ்வப்போது, "உங்க குருவி நல்லா இருக்கா?" என்று கேட்பாள். கேட்டால் அவர் முகத்தில் ஒரு வெட்கம் வரும்.

சகலையை அங்கே கூட்டிவந்தது அவள் செய்த வேலைதான். "அவர் வீட்ல உக்காந்து என் தங்கச்சி உயிர வாங்கறாராம். உங்க கூட இழுத்துட்டுப் போங்களேன்."

இழுத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் காவலாளி சகலைக்குச் சல்யூட் வைத்தான். வாசல் மேசையில் புத்தகம் வாங்க வந்தவர்கள் பை கேட்கும் அளவுக்கு வாங்கினார்கள். டீச்சர் சிரிப்பார் என்பதே கம்பவுண்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

புதிதாக வருபவர்களுக்குப் பழகிக்கொடுப்பது கம்பவுண்டரின் பொறுப்பு. சகலைக்குப் புத்தகத் தூசியைத் துடைக்கக் காட்டிக்கொடுத்தார். பித்தளையைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த அறையில் எதையும் பளபளப்பாக்கக் கூடாது, அழுக்கை எடுக்கலாம், வயதை எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் சொல்லும் முதல் பாடம். 'வாசல்ல நிக்கறவருக்கு இது எதுக்கு' என்று விட்டுவிட்டார்.

வருஷத்துக்கொரு முறை, புது அணி வந்த வாரத்தில், நண்பர்கள் சங்கம் அவர்களை நூலகத்துக்கு அழைக்கும். தளபதி வருவார். கையுறை போட்ட ஒருவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பியூகிளை எடுத்துக் காட்டுவார். ஆரம்பத்திலிருந்தே அந்தக் கைகள் கம்பவுண்டருடையவை. அந்த ஒரு நாளுக்காகச் சட்டையைக் கடையில் கொடுத்து இஸ்திரி போட்டு வாங்குவார்.

அந்த வருஷம் டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எடுக்கற அழகு யாருக்கும் வராது. ஆனா பசங்க ஒரு கேள்வி கேட்டா குனிஞ்சு கையுறையப் பாக்கறீங்க. இந்தத் தடவை உங்க சகலை எடுக்கட்டுமே?"

"தாராளமா," என்றார் கம்பவுண்டர்.

பெட்டிச் சாவியையும் அவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. "அண்ணே, கை நடுங்குது எனக்கு," என்றார் சகலை. நடுங்கவில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலை கம்பவுண்டர் அறைக்கு வந்தபோது பாலீஷ் வாடை அடித்தது. எதிர் வராந்தாவில் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து பெல்ட் வளையத்தையும் பொத்தானையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் டப்பாவைக் கடன் வாங்கியிருக்க வேண்டும். சகலை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பியூகிள். துணியில் பசையைத் தொட்டு அழுத்தித் தேய்த்தார். மணி போல் விரிந்த முனை ஏற்கெனவே தங்கம் போல் ஆகியிருந்தது.

'நிறுத்து' என்று ஒரு சொல் போதும். கம்பவுண்டர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

தேய்க்கட்டும், என்றது உள்ளே. நாளைக்கு டீச்சர் பார்க்கட்டும். எல்லோர் முன்னாலும் சகலையின் முகம் கறுக்கட்டும். அப்புறம் சாவி யார் கைக்கு வருகிறது பார்க்கலாம்.

துணி மெல்ல மெல்ல வாய்ப்பக்கம் ஏறியது. குருவியின் நினைப்பு அப்போதுதான் வந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் வராந்தாவிலிருந்து ஒரு மாணவன் எட்டிப் பார்த்து, "எவ்வளவு பளபளப்பு!" என்றான். சகலை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கம்பவுண்டர் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பியூகிள் வெயிலில் விளக்கு மாதிரி எரிந்தது. டீச்சர் மட்டும் ஒரு கணம் உறைந்தார். அதற்குள் தளபதி, "பிரமாதம். இப்பதான் ராணுவத்துப் பொருள் மாதிரி இருக்கு," என்று சகலையின் தோளைத் தட்டினார். டீச்சர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். சகலை அதை ஏந்திக்கொண்டு, முதல் நாள் காலை எழ மறுத்த ஒரு மாணவனைப் பற்றி ஒரு கதை விட்டார். அறை அதிர்ந்தது. விருந்தினர் வரிசையிலிருந்த அக்காளும் தங்கையும் கைகொட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் கம்பவுண்டர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். பித்தளை. வெறும் பித்தளை. அதில் அவருடைய மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது.

திரும்பும்போது நால்வரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். முன் சீட்டில் அக்காளும் தங்கையும், பின்னால் இவர்கள். மனைவி திரும்பி, "ஏங்க, அந்தக் குருவிய எல்லாருக்கும் காட்டிட்டாரா? எங்களுக்குத் தூரத்துல தெரியலை," என்றாள்.

"எந்தக் குருவி அண்ணி?" என்றார் சகலை.

அவளே சொன்னாள். ஆணி, கோடு, பெரிய வால், எல்லாம். "இவர் அதுகிட்ட பேசற மாதிரி எங்கிட்டகூட பேசினதில்ல," என்று சிரித்தாள்.

சகலை சிரிக்கவில்லை. கறுப்பு ஏறிய தன் விரல் நகங்களைப் பார்த்தார்.

"நான் தேய்ச்சுட்டேனே, அண்ணே."

கம்பவுண்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க வாசல்ல நின்னீங்கல்ல? பெட்டிக் கண்ணாடியில தெரிஞ்சுது. தப்புன்னா ஒரு அதட்டு போட்டிருப்பீங்க, அண்ணனே பாத்துட்டுப் போறார்னா சரியாத்தான் செய்றோம்னு..." குரல் உடைந்தது. தையல் மெஷின் விற்ற அந்தக் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. "ஏன் அண்ணே சொல்லலை?"

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டுவிட்டுப் போனார். சகலை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தங்கை பதறிப்போய் எழுந்து நின்றாள்.

குருவி போனது கம்பவுண்டருக்கு. அழுகிறவர் சகலை. அதையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று கம்பவுண்டருக்குத் தோன்றியது. தோன்றியதை நினைத்து அவருக்கே கூசியது. கூசிய பிறகும் அது போகவில்லை.

மனைவி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். புருஷனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூடியைத் திருகித் தங்கை புருஷனிடம் நீட்டினாள்.