சீல் போட்ட பத்து

திருத்தங்கலில் பஸ் நின்றபோதுதான் மதினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அந்த யோசனை வந்தது. பக்கத்தில் நின்ற லாரியில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் லோடு. பின்னம் என்பது உதிரி வெடி. அதை முழு எண்ணாக்குவது பாக்கெட் போடுவது! எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி இல்லையே என்று பூரித்துப்போனேன். ஏன் இல்லை என்று யோசித்திருக்கலாம்.

மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாக்கி. அதைத் தாண்டினால்தான் அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு மனுப் போட முடியும். இல்லையென்றால் இப்போது போலவே நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனியின் பேக்கிங் மேசைதான். மறுதேர்வு நெருங்கிவிட்டது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான் இருக்க டியூஷன் எதற்கு என்று வீட்டில் அறிவித்தது நானேதான்.

வீட்டுக்கு வந்ததும் மதினியின் நோட்டில் ஒரு சமன்பாட்டை எழுதினேன்: x/3 + x/4 + 10 = x.

"மூணும் நாலும் கீழ கிடக்குறதாலதான் உதிரியா இருக்கு மதினி. ரெண்டுக்கும் பொதுவான பன்னெண்டால பெருக்குங்க. எல்லாம் பாக்கெட்டா ஆயிரும்."

"அம்புட்டுத்தானா கொளுந்தனாரே?"

விறுவிறுவென்று எழுதினார்: 4x + 3x + 10 = 12x. விடை 2.

"பத்தை ஏன் பெருக்கல?"

"x-க்குள்ள எத்தனைன்னு தெரியாது, பெருக்கிட்டேன். பத்து எண்ணி முடிச்ச முழுசாத்தான இருக்கு? சீல் போட்ட பாக்கெட்டைப் பிரிச்சா சூப்பர்வைசர் என்னைய வெளிய அனுப்பிருவாரு."

என் உதாரணத்தை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்.

"சரி, x இருக்குற இடத்துல ரெண்டைப் போட்டுப் பாருங்க."

போட்டார். இடது பக்கம் பத்தைத் தாண்டிப் போனது. வலது பக்கம் வெறும் இரண்டு.

"ரெண்டுக்குள்ள பத்து எங்கன அடங்கும்? நல்லாச் சொல்லிக்குடுத்தீக போங்க."

உதிரியையும் பாக்கெட்டையும் கைவிட்டேன். "மொத்த வரியும் ஒரு பெட்டின்னு வையுங்க. அதே மாதிரி பன்னெண்டு பெட்டி. ஒரு பெட்டியில பத்து இருந்தா?"

"நூத்தி இருவது. அட, எதையும் பிரிக்கவே வேண்டாமே!"

பத்தை அடித்து 120 எழுதினார். 5x = 120; x இருபத்துநான்கு. இம்முறை நான் சொல்லாமலே போட்டுப் பார்த்தார்: எட்டு, ஆறு, பத்து. சரியாக வந்தது. முகத்தில் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்ததும் போய்விட்டது.

"புரிஞ்சுருச்சு. ஆனா ஒண்ணு. பகலெல்லாம் வெடியோடதான் கிடக்கேன். அதுலருந்து வெளிய வரத்தான் இந்தக் கணக்கு. இங்கனயும் அதையே கொண்டாந்து கொட்டுறீகளே!"

நாளைக்குக் கழித்தல் குறியோடு வரும் பின்னங்கள். அதற்கு ராக்கெட்டை வைத்து அருமையான உதாரணம் ஒன்று தயாராக இருக்கிறது. அதைச் சொல்லாமல் நடத்திப் பார்க்க வேண்டும்.