பிளவு விடாத மேசை

நான் எந்தப் பட்டறையிலும் மாணவனாக இருந்ததில்லை. கிழிந்த கையேடுகளைப் படித்தும், கெடுத்த பலகைகளைக் குறித்துவைத்தும் தச்சு வேலை கற்றேன். இங்கே எழுதுவனவற்றுக்கு, ஒன்றைத் தவிர, என்னிடம் ஆதாரமாகத் தாள் இருக்கிறது.

என் மனைவியின் அண்ணனும் என் தங்கையின் கணவருமான மச்சான் நடத்திய பட்டறையில் பதினாறு ஆண்டுகள் பலகை ஒட்டினேன். நூலகம் ஒன்றுக்குப் பன்னிரண்டு வாசிப்பு மேசைகள் செய்யும் வேலை வந்தது. ஒவ்வொரு மேற்பலகையையும் ஆறு கட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஒட்டிச் செய்யவேண்டும். பசை காயும்வரை கட்டைகளை இறுக்கிப் பிடிக்க, மச்சான் ஒரு பெட்டி நிறையப் புதிய கிளாம்புகளை வாங்கி வந்தார். பிளாஸ்டிக் தாடை, மெல்லிய தண்டு, ஒரு கையால் விசையை அழுத்தினால் போதும்.

வீட்டிலிருந்த எடை பார்க்கும் கருவியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவே அதை வைத்து, புதிய கிளாம்பால் இறுக்கினேன். அறுபது கிலோவில் தண்டு வளைந்தது, தாடை நழுவியது. பழைய இரும்புச் சட்டக் கிளாம்பின் திருகை அரைச் சுற்றுச் சுற்றியதும் முள் கடைசி அளவான நூற்று முப்பதில் முட்டி நின்றது.

"கிளாம்புக்கு எடை பாத்தாச்சுல்ல மாப்ள, அப்படியே அதுக்கு மூக்குக்கண்ணாடி போடணுமான்னும் பாத்துடுங்க" என்றார் மச்சான். பட்டறையே சிரித்தது.

"சிரிங்க மச்சான். வளையிற தண்டு பலகையையும் வளைக்கும். மூட்டு பிடிக்காது."

"மூணு நாள்ல முடிக்கணும். திருகிக்கிட்டே உக்காந்திருந்தா ஆகுமா?"

பலகைக்கு ஐந்து இரும்புக் கிளாம்புகள் வேண்டும், மூன்று கீழேயும் இரண்டு மேலேயுமாக மாற்றி மாற்றிப் போடவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். என் நகலில் மச்சான் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவ்வளவுதான். பட்டறையில் இருந்தவை பழைய இரும்புக் கிளாம்புகள் ஐந்துதான். அவற்றை ஏழாம் எண் மேசைக்குப் போட்டேன். மற்றப் பதினொன்றும் புதியவற்றால் ஒட்டப்பட்டன.

மேசைகளைக் கொடுத்த ஐந்தாம் மாதம், வறண்ட காற்று வீசத் தொடங்கியதும், நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினொரு மேசைகளின் மூட்டுகள் விரிந்து, நாணயம் நுழையும் அளவுக்குப் பிளவு விழுந்திருந்தது. மச்சான் பதில் எழுதினார்: முறையாகப் பயிலாத ஊழியர் விளிம்பைச் சரியாக இழைக்கவில்லை. அந்தக் கடிதத்தை நூலக எழுத்தர் எனக்குக் காட்டியபோது, ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, பிரதி கேட்டு வாங்கினேன். அன்று முதல் என்னை உப்புத்தாள் தேய்க்க உட்காரவைத்தார்கள். இரண்டு மாதம் தேய்த்தேன். பிறகு போகவில்லை. வேறு பட்டறைகளில் வேலை கேட்டபோது, "விரிஞ்ச மேசைக்காரர்தானே?" என்றார்கள்.

சென்ற வாரம் நூலகம் அந்த மேசைகளை உடைத்துக் குவித்தது. எழுத்தர் சொல்லியனுப்ப, போய்ப் பார்த்தேன். அடிப்புறத்தில் நான் எழுதிய ஏழு என்ற எண் தெரிந்தது. சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள், மரம் நாராய்க் கிழிந்திருந்தது. ஒட்டிய கோடு மட்டும் அப்படியே இருந்தது. கையளவு துண்டைக் கொண்டுவந்தேன்.

"அண்ணன்கிட்ட காட்டாதீங்க" என்றாள் மனைவி. "எனக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

"என் பேரு எனக்குன்னு இருந்துச்சு."

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

மச்சான் துண்டைக் கையில் வாங்கி, ஒட்டுக் கோட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். வேலை தெரிந்த விரல்.

"தெரியும் மாப்ள. அன்னிக்கே தெரியும்."

"அதை ஒரு வரி எழுதிக் குடுங்க மச்சான்."

"எழுதினா இந்தப் பட்டறைக்கு யார் வருவா? உங்க தங்கச்சி புள்ளைங்க மூணு பேரும் இதுல கிடைக்கிறதைத்தான் சாப்பிடுறாங்க" என்றார். துண்டை என் கையில் திருப்பி வைத்தார். வாசல்வரை வந்தார், காப்பி குடிக்கச் சொன்னார். குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதினேன். கீழே அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். மரத்துண்டு இந்தத் தாள்கள் இருக்கும் கோப்புக்குள் அடங்கவில்லை, அலமாரியில் திணித்து வைத்திருக்கிறேன். அலமாரிக் கதவு அதனால் சரியாகச் சாத்துவதில்லை. மனைவி தினமும் அதைத் தள்ளிச் சாத்துகிறாள். அது மறுபடி திறந்துகொள்கிறது.